படியில் மூன்று பேர்

கோயிலுக்குள் நுழையும்போது வாசல்படியை என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் மிதிக்க மாட்டீர்கள். குனிந்து, விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டிப் போவீர்கள். ஏன் என்று கேட்டால், 'எங்க பாட்டி அப்படித்தான் செய்வாங்க' என்பீர்கள். பாட்டிக்கு அவருடைய பாட்டி. மரபு என்பது அப்படித்தான் நம் கைக்கு வந்து சேர்கிறது. பில் இல்லாத சரக்கு மாதிரி. யார் செய்தது, எப்போது செய்தது, யார் என்ன விலை கொடுத்தார்கள், எதுவும் எழுதியிருக்காது.

திருப்பதியில் ஒரு படிக்கு மட்டும் பெயரே உண்டு. குலசேகரன் படி. நாடாண்ட குலசேகர ஆழ்வார், மலையப்பன் வாசலில் ஒரு படியாகவாவது இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அதனால் அந்தப் பெயர். ராஜா, படியாக ஆசைப்பட்டார். நமக்கு அது புரிகிறது. படி என்றால் பணிவு.

இப்போது உங்களை மகாராஷ்டிரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே ஒரு யாத்திரை. அதன் பாதையின் இந்த முனையில் ஒரு படி, அந்த முனையில் ஒரு படி. மொத்தம் மூன்று பேர் அந்தப் படிகளை ஒட்டிக் குடியிருக்கிறார்கள். இரண்டு பேர் விரும்பிப் போய் உட்கார்ந்தவர்கள். மூன்றாமவருக்கு வேறு வழியில்லை. அவரை அதற்குமேல் விடவில்லை.

இந்த மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் அந்த யாத்திரையைத் தெரிந்துகொண்ட மாதிரி.

* * *

யாத்திரையின் பெயர் வாரி. வருஷம் தவறாமல் போய் வருவது என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் வார்க்கரி. போகும் ஊர் பண்டரிபுரம். பீமா நதி அங்கே பிறை நிலா மாதிரி வளைவதால் அதற்குச் சந்திரபாகா என்று பெயர். கரையில் செங்கல்மேல், இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு விட்டலன் நிற்கிறார். நம் ஊர் பஜனை மடங்களில் பாண்டுரங்கன் என்று உருகிப் பாடுகிறார்களே, அதே சாமிதான். தஞ்சாவூரை 1676-லிருந்து 1855 வரை மராட்டியர்கள் ஆண்டதில் நமக்குக் கிடைத்த வரவுகளில் இவருடைய பாட்டுகளும் உண்டு.

செங்கல் எப்படி வந்தது? புண்டலீகன் என்று ஒரு பிள்ளை. அப்பா அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கடவுள் வந்து நின்றாராம். 'கொஞ்சம் வேலையா இருக்கேன், இதுமேல நில்லுங்க' என்று ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டானாம். அவர் இன்னும் நிற்கிறார். பக்தனுக்காகக் காத்திருக்கிற சாமி. அப்படிப்பட்ட சாமியைப் பார்க்க பக்தன் நடந்து போகாமல் இருப்பானா?

ஜூன் மாதம் புனே பக்கம் போயிருந்தால் இந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு முறை வேலை விஷயமாகப் போய் நடுரோட்டில் மாட்டிக்கொண்டேன். டாக்ஸி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். 'எப்போது வழி விடுவார்கள்?' என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கடந்து போன ஒரு கிழவரின் காலைத் தொட்டார். அந்தக் கிழவர் உடனே குனிந்து டிரைவரின் காலைத் தொட்டார். எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் காலில் சின்னவர் விழுவது நமக்குத் தெரியும். பெரியவர் திருப்பி விழுவது?

அதுதான் அங்கே வழக்கம். வார்க்கரிகள் ஒருவரை ஒருவர் 'மாவுலி' என்று கூப்பிடுகிறார்கள். அம்மா என்று அர்த்தம். ஆணையும் அப்படித்தான், பெண்ணையும் அப்படித்தான். சபரிமலைக்கு மாலை போட்டவரை 'சாமி' என்று கூப்பிடுகிறோம் இல்லையா, அதே கணக்கு. ஆபீஸில் மேனேஜர், கடையில் முதலாளி என்பதெல்லாம் அந்தச் சில நாட்களுக்குக் கிடையாது.

கழுத்தில் துளசி மாலை. நெற்றியில் கோபிசந்தனம். அசைவம் கூடாது, மது கூடாது. மாதத்தில் இரண்டு ஏகாதசி விரதம். வருஷத்துக்கு ஒரு தரமாவது பண்டரிபுரம். அவ்வளவுதான் வார்க்கரியின் சட்டதிட்டம். பெரிய யாகம் இல்லை, செலவு வைக்கும் பரிகாரம் இல்லை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பார்த்தாலே தெரியும், விவசாயிகள். மழையின் முதல் ஈரத்தில் விதைத்துவிட்டு, மிச்சத்தை விட்டலன் பார்த்துக்கொள்வான் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆஷாட ஏகாதசிக்கு, பெரும்பாலும் ஜூலையில் வரும், பண்டரிபுரத்தில் இருந்தாக வேண்டும்.

* * *

கூட்டத்தின் நடுவில் வெள்ளி ரதம். ரதத்தில் பல்லக்கு. பல்லக்கில் என்ன சாமி என்று எட்டிப் பார்த்தால், சாமி இல்லை. ஒரு ஜோடி பாதுகை.

பல ஊர்களிலிருந்து பல்லக்குகள் கிளம்புகின்றன. அதில் பெரியவை இரண்டு. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரின் பாதுகை. தேஹூவிலிருந்து துக்காராமின் பாதுகை. இந்த இரண்டு பேரும் யார் என்று பார்த்தால்தான் விஷயத்தின் சூடு தெரியும்.

ஞானேஸ்வரின் அப்பா சந்நியாசம் வாங்கிக்கொண்டவர். குருவின் சொல்படி மறுபடியும் குடும்பத்துக்குத் திரும்பிவிட்டார். அது பெரிய குற்றமாகிப் போனது. ஊர் அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைத்தது. பிள்ளைகளுக்குப் பூணூல் கிடையாது என்றார்கள். பிள்ளைகளையாவது ஏற்றுக்கொள்ளட்டும் என்று அப்பாவும் அம்மாவும் உயிரையே விட்டார்கள் என்கிறது மரபு. அப்படி ஒதுக்கப்பட்ட பையன், 1290-ல் பகவத்கீதைக்கு மராத்தியில் விளக்கம் எழுதினான். ஞானேஸ்வரி. சம்ஸ்கிருதம் தெரிந்தவர்கள் மட்டும் வைத்திருந்த பெட்டகத்தைச் சந்தையில் கொண்டுவந்து திறந்துவிட்ட மாதிரி. 1296-ல் சமாதி அடைந்தபோது வயது 21.

துக்காராம் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். குன்பி என்ற உழவர் ஜாதி. தேஹூவில் மளிகைக் கடை. வட்டிக்குக் கொடுக்கல் வாங்கலும் உண்டு. 1630 வாக்கில் கொடும் பஞ்சம். மனைவி போனாள், மகன் போனான், கடையும் போனது. வரவேண்டிய கடன் பத்திரங்கள் மட்டும் கையில் இருந்தன. தம்பியின் பங்கைக் கொடுத்துவிட்டு, தன் பங்குப் பத்திரங்களை இந்திராயணி ஆற்றில் வீசிவிட்டார் என்று சொல்வார்கள். பி.காம் படித்த எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கை நடுங்கும். வாராக்கடன் என்று எழுதித் தள்ளுவது வேறு. பஞ்சத்தில் இருக்கிறவனிடம் கேட்க மாட்டேன் என்று ஆற்றில் போடுவது வேறு.

ஊர் ஒதுக்கிவைத்தவன் ஒருவன். கடையை இழந்த வியாபாரி ஒருவர். இந்த இரண்டு பேருடைய காலணியைத்தான் வெள்ளி ரதத்தில் வைத்து லட்சக்கணக்கான பேர் பின்னால் நடக்கிறார்கள்.

* * *

பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற வழக்கம் ஞானேஸ்வருக்கும் முந்தையது. ஆனால், பாதுகையைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோவது யாரோ ஆரம்பித்த விஷயம். யார் என்றும் தெரியும், எப்போது என்றும் தெரியும். 1685. ஆரம்பித்தவர் துக்காராமின் கடைசி மகன் நாராயண் மகராஜ். அப்பாவின் பாதுகையையும் ஞானேஸ்வரின் பாதுகையையும் ஒரே பல்லக்கில் வைத்துக் கிளம்பினார். இன்றைக்கும் வழியெல்லாம் கேட்கிற 'ஞானபா, துக்காராம்' என்ற முழக்கம் அந்த ஒரே பல்லக்கின் எதிரொலிதான்.

அடுத்து வருகிறார் நம் முதல் படிக்காரர். ஹைபத்ராவ் பாபா.

சத்தாரா பக்கம் ஆர்பள் என்ற ஊர்க்காரர். குவாலியர் சிந்தியாவின் அவையில் சர்தாராக இருந்தவர். ஊருக்குத் திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் கையில் சிக்கி, உயிர் பிழைத்து, இனிமேல் உத்தியோகம் வேண்டாம் என்று ஆளந்தியிலேயே தங்கிவிட்டதாகச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஞானேஸ்வரின் பல்லக்கைத் தனியாகப் பிரித்து, அதற்கு ஓர் ஒழுங்கு செய்தவர் இவர்தான்.

பட்டாளத்து ஆள் சாமி ஊர்வலத்தை நடத்தினால் எப்படி இருக்கும்? அப்படியே இருக்கிறது.

யாத்திரையின் அடிப்படை அலகு திண்டி. ஒரு ஊர்க்காரர்கள், அல்லது ஒரு குருவின் சீடர்கள் சேர்ந்த குழு. ஒவ்வொரு திண்டிக்கும் எண் உண்டு. ரதத்துக்கு முன்னால் இத்தனையாவது, பின்னால் இத்தனையாவது என்று இடம் நிர்ணயம். முந்த முடியாது. திண்டிக்குள் காவிக்கொடிக்காரர்கள், தாளக்காரர்கள், மிருதங்கம், வீணை, தலையில் துளசி மாடத்தையும் தண்ணீர்க் குடத்தையும் சுமக்கிற பெண்கள். அரிசி, பருப்பு, கூடாரம் எல்லாம் லாரியில் முன்னால் போய்விடும். ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பணம் கட்டிவிடுவார்கள். காலையில் மூன்று தரம் கொம்பு ஊதும். முதல் ஊதலுக்குத் தயாராகவேண்டும். இரண்டாவதுக்கு வரிசையில் நிற்கவேண்டும். மூன்றாவதுக்கு நடக்கவேண்டும். தூங்குகிறவருக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கும் ஒரு சம்பிரதாயம். ஆளந்தி கோயிலின் கலசம் அசையவேண்டும். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். கலசம் அசைந்தால் ஞானேஸ்வர் உத்தரவு கொடுத்துவிட்டார். பல்லக்கைத் தூக்கலாம்.

அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். புனே தாண்டியதும் திவே காட் என்ற மலை ஏற்றம். சாஸ்வட்டில் ஞானேஸ்வரின் தம்பி சோபான்தேவின் சமாதி. ஜேஜுரியில் கண்டோபா கோயில் மஞ்சள் பொடி மழை. நீரா நதியில் பாதுகைகளுக்குக் குளியல். துக்காராமின் பல்லக்கு வேறு பாதையில் வரும். அது காட்டேவாடியைத் தொடும்போது சலவைத் தொழிலாளர்கள் தரையில் வேட்டிகளை விரித்து வழிவிடுவார்கள். ஆட்டுக்காரர்கள் தங்கள் மந்தையைப் பல்லக்கைச் சுற்றி ஓடவிடுவார்கள். அவரவர் கையில் இருப்பதுதான் அவரவர் காணிக்கை.

ஞானேஸ்வர் பல்லக்கோடு இரண்டு குதிரைகள் வருகின்றன. கர்நாடகத்தின் அங்கலியிலிருந்து சிதோளே சர்தார் குடும்பம் அனுப்புவது. ஒன்றில் கொடி பிடித்த ஆள் இருப்பார். இன்னொன்றின் முதுகு காலி. யாரும் ஏறமாட்டார்கள். அது ஞானேஸ்வருக்கு. வழியில் திறந்த மைதானங்களில் 'ரிங்கண்' நடக்கும். வட்டமாகக் கூட்டம் நிற்க, முதல் குதிரை ஓட, ஆளில்லாத குதிரை அதைத் துரத்திக்கொண்டு பறக்கும். அது போனதும் ஜனங்கள் பாய்ந்து குளம்பு பட்ட மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார்கள். அப்புறம் பாருங்கள், அறுபது வயது பாட்டிகள் கையைக் கோத்துக்கொண்டு சுற்றி ஆடுவார்கள். வீட்டில் இடுப்பு வலி என்று சொல்கிற அதே பாட்டிகள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. ராத்திரி முகாமில் எல்லாத் திண்டிகளும் பல்லக்கைச் சுற்றிக் கூடும். தாளச் சத்தம் காதைப் பிளக்கும். சோப்தார், அதாவது வெள்ளித்தடி பிடித்த அதிகாரி, தடியை உயரத் தூக்குவார். அத்தனை ஆயிரம் தாளங்களும் ஒரே நொடியில் நிற்கும். ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால், ஏதோ ஒரு திண்டி மட்டும் விடாமல் தாளம் தட்டிக்கொண்டிருந்தால்? அவர்களுக்குக் குறை இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வரவில்லை, இடம் சரியில்லை, எவனோ வரிசையில் புகுந்துவிட்டான், ஏதோ ஒன்று. சோப்தார் அவர்களிடம் நடந்துபோய்க் கேட்கவேண்டும். தீர்த்துவைத்த பிறகுதான் அவர்கள் நிறுத்துவார்கள். பிறகு, தொலைந்து கிடைத்த பொருட்களின் அறிவிப்பு. நாளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்ற அறிவிப்பு. அப்புறம்தான் ஆரத்தி.

மனு எழுத வேண்டாம். சிபாரிசு வேண்டாம். தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும். அதிகாரி நம்மிடம் நடந்து வருவார். எந்தக் கம்பெனியில் இருக்கிறது இப்படி ஒரு ஏற்பாடு?

இதையெல்லாம் ஒழுங்கு செய்த ஹைபத்பாபாவின் நினைவிடம் ஆளந்தி கோயிலின் வாசல்படியில். ஒவ்வொரு வருஷமும் அந்தப் படியில் ஆரத்தி எடுத்துவிட்டுத்தான் புறப்பாட்டுச் சடங்கு தொடங்குகிறது. சர்தார், படியாக ஆசைப்பட்டார். குலசேகரரை நினைத்துக்கொள்ளுங்கள். இது முதல் படி.

* * *

பண்டரிபுரம் வந்துவிட்டோம். எல்லாப் பல்லக்குகளும் ஊருக்குச் சற்று முன்னால் வாக்ரியில் சேர்ந்து, ஒன்றாக உள்ளே நுழைகின்றன. ஏகாதசி அதிகாலையில் மாநில முதலமைச்சர் குடும்பத்தோடு வந்து பூஜை செய்வார். வரிசையில் நின்ற ஒரு சாதாரண வார்க்கரித் தம்பதியும் அவர்களோடு நின்று பூஜை செய்வார்கள். இது மாநில அரசின் மரபு.

கோயிலின் பெரிய வாசலில் முதல் படிக்குப் பித்தளைக் கவசம். அதன் பெயர் நாம்தேவ் படி. நாம்தேவ் தையல்கார ஜாதி. ஞானேஸ்வரின் நண்பர். பஞ்சாப் வரை போனவர். சீக்கியர்களின் குரு கிரந்த சாகிபில் அவருடைய பாடல்கள் இருக்கின்றன. அடியார்கள் பாதம் படுகிற இடத்தில் இருக்கவேண்டும் என்று 1350-ல் அந்தப் படியிலேயே குடும்பத்தோடு சமாதி ஆனார் என்பது நம்பிக்கை. யாரும் அதை மிதிப்பதில்லை. தொட்டுக் கும்பிட்டுத் தாண்டுகிறார்கள்.

இரண்டாவது படிக்காரரையும் பார்த்தாயிற்று. மூன்றாமவர்?

திரும்பிப் பாருங்கள். நாம்தேவ் படிக்கு எதிரே, வாசலுக்கு வெளியே, ஒரு சின்ன சமாதி. அது சோகாமேளர்.

மகர் ஜாதி. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், கூப்பிட்ட வேலைக்கு ஓடுவதும் தலையெழுத்து. ஆனால், பாட்டு விட்டலன்மேல். அவர் மட்டுமல்ல, மனைவி சோயராபாய், தங்கை நிர்மளா, மகன் கர்மமேளன் எல்லோருமே பாடியவர்கள். வீட்டில் அத்தனை பேரும் கவிகள். ஒருவருக்கும் கோயிலுக்குள் இடமில்லை.

1338-ல் மங்கள்வேடா என்ற ஊரில் மதில் கட்டும் வேலைக்குச் சோகாமேளர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார். மதில் சரிந்தது. வேலையாட்கள் புதைந்தார்கள். நாம்தேவ் அங்கே போய் எலும்புக் குவியலில் தேடினாராம். ஒவ்வொரு எலும்பாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாராம். எதிலிருந்து 'விட்டல், விட்டல்' என்று கேட்டதோ அது சோகா. அதைக் கொண்டுவந்து கோயில் வாசலில் புதைத்தார் என்கிறது கதை.

அழகான கதை. கண்ணில் நீர் வரவைக்கும் கதை. ஆனால், கணக்குப் பிள்ளை புத்தியோடு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எலும்பு பாடுகிறது என்று தெரிந்த பிறகாவது உள்ளே விட்டிருக்கலாமே? விடவில்லை. அதைவிடக் கொடுமை, அந்தச் சமாதியே எல்லைக்கல் ஆகிவிட்டது. சோகாமேளரின் ஜாதிக்காரர்கள் அதுவரைக்கும் வரலாம். அதைத் தாண்டக் கூடாது. வாரிக்கு 250 கிலோமீட்டர் நடக்கலாம். 'மாவுலி' என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். கடைசிப் பத்தடி மட்டும் நடக்கக் கூடாது.

நந்தனார் ஞாபகம் வருகிறதா? வரத்தான் வேண்டும். திருப்புன்கூரில் நந்தி விலகியதாகச் சொல்கிறோம். நந்தியை விலக்கிய நாம் வாசலைத் திறக்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் 1948-ல் தீண்டப்படாதவர்களின் வரலாறு பற்றி எழுதிய தம் நூலை மூன்று பேருக்குச் சமர்ப்பணம் செய்தார். நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர், காசியிலிருந்து ஒருவர், பண்டரிபுரத்திலிருந்து ஒருவர். மூன்று பேருக்கும் பொதுவான விஷயத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

அம்பேத்கரின் வீட்டிலேயே இந்த வாசல் பிரச்னை இருந்தது. மனைவி ரமாபாய்க்குப் பண்டரிபுரம் போகவேண்டும் என்று ஆசை. போனால் எங்கே நிறுத்துவார்கள் என்று அம்பேத்கருக்குத் தெரியும். தன் பக்தர்களையே தள்ளி நிற்கவைக்கிற பண்டரிபுரம் எதற்கு, நாம் நம் வாழ்க்கையால் வேறொரு பண்டரிபுரத்தை உண்டாக்குவோம் என்கிற மாதிரி சமாதானம் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. 1935-ல் ரமாபாய் இறந்துபோனார். அந்த ஆசை நிறைவேறவில்லை.

* * *

வழியிலாவது எல்லாம் சமமா?

இராவதி கார்வே என்று ஒரு மானிடவியல் பேராசிரியை. புனே டெக்கான் கல்லூரியில் இருந்தவர். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் அவரும் ஒரு திண்டியோடு நடந்தார். அந்த அனுபவத்தை எழுதினார். அந்த ஜனங்களின் அன்பில் கரைந்துபோய் எழுதியவர்தான். ஆனால், ஒரு விஷயம் அவரை உறுத்தியது. பாடும்போது எல்லோரும் ஒன்றாகப் பாடினார்கள். சாப்பிடும்போது பிராமணர்கள் தனி, மராட்டியர்கள் தனி. பகலெல்லாம் சேர்ந்து பாடியவர்கள் பந்தியில் பிரிந்துவிடுகிறார்களே என்று வருத்தப்பட்டார்.

காலைத் தொட்டுக் கும்பிடுவதும் மரபுதான். தனிப் பந்தியும் மரபுதான். இரண்டையும் ஒரே ஜனங்கள்தான் சுமந்துகொண்டு நடந்தார்கள். 'அந்தக் காலத்தில் எல்லாம் புனிதமாக இருந்தது' என்று சொல்கிறவர்களிடமும், 'எல்லாம் ஏமாற்று' என்று சொல்கிறவர்களிடமும் இந்த இடத்தில் எனக்குச் சண்டை உண்டு.

வாசலைத் திறந்தது யார்? சானே குருஜி.

பள்ளிக்கூட வாத்தியார். காந்தியவாதி. நாசிக் சிறையில் 1933-ல் அவர் எழுதிய 'ஷ்யாம்ச்சி ஆயி', ஷ்யாமின் அம்மா, மராத்தி வீடுகளில் இன்றைக்கும் பிள்ளைகள் அழுதுகொண்டே படிக்கிற புத்தகம். குரல்கூட உயர்த்தத் தெரியாத மனிதர் என்பார்கள். அவருடைய முழுப்பெயரைப் பாருங்கள், பாண்டுரங்க சதாசிவ சானே. பாண்டுரங்கனின் பெயரையே வைத்துக்கொண்டவர், பாண்டுரங்கனின் வாசலுக்குப் போனார்.

முதலில் ஊர் ஊராகச் சுற்றிப் பேசினார். கோயில் தரப்பு இறங்கி வரவில்லை. 1947 மே 1 அன்று பண்டரிபுரத்தில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். தேசம் அப்போது வேறு கணக்கில் இருந்தது. வெள்ளைக்காரன் எப்போது போவான், நாடு எப்படிப் பிரியும் என்பதுதான் பேச்சு. அந்தச் சமயத்தில் ஒரு வாத்தியார், நாடு விடுதலையாகிறது, சோகாமேளர் இன்னும் வெளியே நிற்கிறாரே என்று பட்டினி கிடந்தார். பத்து நாட்கள். கோயில் இறங்கி வந்தது. கதவு திறந்தது.

நம் மதுரையில் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனது 1939 ஜூலை 8. பண்டரிபுரம் அதற்கு எட்டு வருஷம் கழித்து.

1338-லிருந்து 1947 வரை கழித்துப் பாருங்கள். 609 வருஷம். சோகாமேளரின் சமாதிக்கும் நாம்தேவ் படிக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது. சில அடிகள்தான். கடக்க ஆறு நூற்றாண்டு ஆனது.

* * *

கதை அங்கே முடியவில்லை. கோயிலில் பரம்பரை உரிமை கொண்டாடிய பட்வே, உத்பாத் குடும்பங்களுக்கும் அரசாங்கத்துக்கும் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பரம்பரை உரிமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே வருஷம் கோயில் நிர்வாகம், எந்த ஜாதியானாலும் சரி, பெண்ணானாலும் சரி, பூஜை செய்ய விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது.

இன்னொரு விஷயமும் அங்கே உண்டு. வரிசையில் நின்று போகிற பக்தர் விட்டலனின் பாதத்தில் தலையை வைத்துக் கும்பிடலாம். பெரிய கோயில்களில் இருபதடி தள்ளி நின்று, 'நகருங்க, நகருங்க' என்ற சத்தத்துக்கு நடுவில் எட்டிப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம். வயலில் வெடித்த காலோடு வருகிற ஒரு விவசாயி, செங்கல்மேல் நிற்கிற அந்தக் காலைத் தொடுகிறார். இந்த உரிமை 1947 வரை எல்லோருக்கும் இருக்கவில்லை என்பதை இன்றைக்கு வரிசையில் நிற்கிற பல பேர் யோசிப்பதுகூட இல்லை. யோசிக்கத் தேவையில்லாமல் போனதுதான் சானே குருஜியின் வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

2020-ல் கொரோனா வந்தது. லட்சம் பேர் நடக்க முடியாது. அதற்காகப் பாதுகை போகாமல் இருக்க முடியுமா? அரசு போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸில் போனது. மாலை போட்டு அலங்கரித்த பஸ். சீட்டில் ஞானேஸ்வர். கூட சில பேர் மட்டும். 2021-லும் பஸ்தான். 2022-ல் மறுபடியும் நடந்தார்கள். பஸ்ஸில் போனதால் மரபு கெட்டுவிட்டது என்று யாத்திரை நின்றுபோகவில்லை.

நான் சொல்லவந்தது இதுதான். இந்த யாத்திரையில் ஆதிகாலத்திலிருந்து இப்படித்தான் என்று தோன்றுகிற விஷயங்களை உரசிப் பார்த்தால் அடியில் ஓர் ஆளும் ஒரு காலமும் இருக்கிறார்கள். பல்லக்கா, 1685, நாராயண் மகராஜ். வரிசை எண்ணும் குதிரையுமா, ஹைபத்பாபா. திறந்த வாசலா, 1947, சானே குருஜி. அடைத்த வாசலை மட்டும் யார் அடைத்தார்கள் என்று பெயர் இல்லை. 'அது வழக்கம்' என்று மட்டும் சொல்வார்கள். கவனித்துப் பாருங்கள். நல்ல மரபுகளுக்குச் செய்தவர் பெயர் இருக்கும். கெட்ட மரபுகளுக்குக் கையெழுத்து இருக்காது.

அடுத்த தடவை உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். பாட்டி சொன்னது சரிதான். ஒற்றிக்கொண்ட பிறகு, உள்ளே போவதற்கு முன்னால், ஒரே ஒரு தரம் திரும்பி வாசலுக்கு வெளியே பாருங்கள். அங்கே யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று.

யாராவது தாளத்தைத் தட்டுவது கேட்டால், போய் என்னவென்று கேளுங்கள். ஆரத்தி கொஞ்சம் காத்திருக்கும். அதுவும் மரபுதான்.